குப்பைக்குப் போன தக்கை செருப்பாகத் திரும்புகிறது!

மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்து விட்டால் என்ன ஆகும்?

மரம் பட்டுப் போகும். இது நம் கிராமத்துச் சிறுவனுக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால், உரிக்க உரிக்கப் புதிதாகப் பட்டை வளர்க்கும் மரம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஒரு தடவை அல்ல, பத்துத் தடவைக்கு மேல் உரித்தாலும் அது சாவதில்லை. 200 ஆண்டு வரை உயிரோடு நிற்கிறது. அதன் பட்டைதான் பாட்டில் வாயை அடைக்கும் தக்கை. "கார்க்" என்று நாம் சொல்லுகிற பொருள்.

இந்தத் தக்கையைப் பற்றி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில ஆண்டுகளாகப் பெரிய பேச்சு நடக்கிறது. "பாட்டிலைத் திறந்ததும் தக்கையைத் தூக்கி எறியாதீர்கள்; எங்களிடம் கொடுங்கள்" என்று கடைகளில் பெட்டி வைத்து வாங்குகிறார்கள். வாங்கிய தக்கையை அரைக்கிறார்கள். அரைத்ததைக் கொண்டு செருப்பு செய்கிறார்கள். தரைக்குப் பலகை செய்கிறார்கள். பொம்மை செய்கிறார்கள்.

இது நல்ல காரியந்தானா? அல்லது சரக்கை விற்பதற்கான விளம்பரமா? கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால், இதில் ஒரு காட்டின் உயிர் இருக்கிறது.

எங்கே வளர்கிறது?

தக்கை மரம் ஓக் மர வகையைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலின் மேற்குப் பக்கத்து நாடுகளில்தான் அது காடாக வளர்கிறது. போர்ச்சுக்கல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, இத்தாலி, பிரான்சு ஆகிய 7 நாடுகள். எல்லாம் சேர்த்து 50 லட்சம் ஏக்கருக்கு மேல்.

இதில் மூன்றில் ஒரு பங்கு போர்ச்சுக்கல் நாட்டில் இருக்கிறது. உலகத்துக்கு வேண்டிய தக்கையில் சுமார் பாதி அங்கிருந்துதான் போகிறது. போர்ச்சுக்கல் சிறிய நாடு. பரப்பளவில் நம் தமிழ்நாட்டை விடச் சிறியது!

நம் ஊரில் தூண்டிலில் கட்டும் மிதவைக்கும் "தக்கை" என்றுதான் பெயர். குளத்தில் வளரும் நெட்டியையும் சிலர் தக்கை என்பார்கள். அது வேறு, இது வேறு. மரமல்லி மரத்துக்கு ஆங்கிலத்தில் "இந்தியத் தக்கை மரம்" என்றே ஒரு பெயர் உண்டு. அதன் பட்டையை மட்டமான தக்கையாகப் பயன்படுத்தினார்கள். அசல் தக்கைக்கு அது ஈடாகாது.

அசல் தக்கை நம் வீட்டுக்கும் வராமல் இல்லை. பிள்ளைகள் அடிக்கும் கிரிக்கெட் பந்தின் வயிற்றுக்குள் இருப்பது தக்கை. இறகுப் பந்தில், இறகுகளைச் செருகியிருக்கும் அடிப்பகுதியும் நல்ல ரகமாக இருந்தால் தக்கைதான்.

கோடாலிக்காரரின் காது

பட்டை உரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாதாரண வேலை அல்ல.

மே மாதம் பாதியில் ஆரம்பித்து ஆகஸ்டு வரை உரிக்கிறார்கள். அந்த மாதங்களில்தான் மரம் சுறுசுறுப்பாக வளரும். பட்டையும் எளிதாகக் கழன்று வரும். மற்றக் காலத்தில் உரித்தால் பட்டையோடு உள்தோலும் பிய்ந்து வரும். உள்தோல் போனால் அந்த இடத்தில் மறுபடி தக்கை வளராது. அது மரத்துக்குக் காயம்.

மெஷினை விட்டு விட்டு, இன்றைக்கும் கோடாலியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரு மரத்துக்கு இரண்டு பேர். கோடாலி பட்டையில் இறங்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டே, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்து கொள்கிறார்கள். ஒரு விரற்கடை கூடப் போனால் மரம் கெட்டது. பிறகு கோடாலியின் பிடியை நெம்புகோல் போல உள்ளே விட்டுப் பட்டையை அகல அகலமாகப் பெயர்க்கிறார்கள். விவசாய வேலைகளில் நல்ல கூலி கிடைக்கும் வேலைகளில் இது ஒன்று. ஆனால் தொழில் கற்றுக் கொள்ள வாலிபர்கள் அதிகம் வருவதில்லை என்ற குறை அங்கேயும் இருக்கிறது.

பட்டை போன மரம் பார்ப்பதற்குச் சட்டை கழற்றிய ஆள் மாதிரி நிற்கும். அடிமரம் முழுவதும் செக்கச் செவேல் என்று இருக்கும். நாளாக ஆகக் கறுத்து விடும். அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதி வைக்கிறார்கள். 2024-ல் உரித்த மரமானால் "4" என்று எழுதுவார்கள். அந்த மரத்தை 2033 வரை யாரும் தொடக் கூடாது. 9 ஆண்டு இடைவெளி விட வேண்டும் என்பது போர்ச்சுக்கல் நாட்டுச் சட்டம்.

தாத்தா நட்டது பேரனுக்கு

நட்டவுடன் பலன் தரும் மரம் அல்ல இது.

தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டர் வர வேண்டும். அப்போதுதான் முதல் தடவை உரிக்கலாம். அதற்கே சுமார் 25 ஆண்டு ஆகிவிடும். முதல் பட்டை கரடுமுரடாக இருக்கும், பாட்டிலுக்கு உதவாது. இன்னும் 9 ஆண்டு கழித்து இரண்டாவது பட்டை. அதுவும் சரிப்படாது. மூன்றாவது தடவை உரிக்கிற பட்டைதான் பாட்டில் மூடிக்கு ஏற்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மரத்துக்கு வயது 43!

25 வயதில் கன்று நட்டவன் 68 வயதில்தான் நல்ல விலைக்குப் பட்டை விற்பான். அதனால் இந்த மரத்தை நடுகிறவன் தனக்காக நடுவதில்லை. பேரன் பேத்திகளுக்காக நடுகிறான்.

அப்படி யாரோ நட்டுவிட்டுப் போன மரம் ஒன்று போர்ச்சுக்கல் நாட்டில் ஆகுவாஸ் தெ மோரா என்ற ஊரில் நிற்கிறது. 1783-ல் நட்டது. அதில் வந்து அடையும் பறவைகளின் சத்தத்தால் "சீட்டி அடிக்கும் மரம்" என்று பெயர் வாங்கியது. 1991-ல் அந்த ஒரே மரத்திலிருந்து 1,200 கிலோ பட்டை கிடைத்தது. ஒரு லட்சம் பாட்டிலுக்கு மேல் மூடி போட அது போதும்! 2018-ல் ஐரோப்பாவின் சிறந்த மரம் என்ற பட்டமும் அதற்குக் கிடைத்தது.

தக்கை மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டினால் போர்ச்சுக்கலில் குற்றம். 2011-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் அதைத் தேசிய மரம் என்று அறிவித்தது.

பட்டைக்குள் காற்று

தக்கை ஏன் இத்தனை லேசாக இருக்கிறது? ஏன் தண்ணீரில் ஊறுவதில்லை?

1665-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதைப் பார்க்க ஆசைப்பட்டார். தக்கையை மெல்லிய சீவலாகச் சீவிப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்தார். தேன் கூடு போல அறை அறையாகத் தெரிந்தது. அந்தச் சின்ன அறைகளுக்கு "செல்" என்று பெயர் வைத்தார். இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் "செல்" என்ற சொல் தக்கையிலிருந்து பிறந்ததுதான்.

ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் சுமார் 4 கோடி அறைகள் இருக்கின்றன. அத்தனையிலும் காற்று அடைபட்டிருக்கிறது. அறைச் சுவரில் சுபெரின் என்ற மெழுகு போன்ற பொருள் உண்டு. அது தண்ணீரை உள்ளே விடாது. அதனால் தக்கை மிதக்கும், நசுக்கினால் நசுங்கித் திரும்பவும் எழும்பும், சூட்டைக் கடத்தாது, சத்தத்தை அடக்கும். அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய ராக்கெட்டுகளுக்குக் கூடச் சூடு தாக்காமல் இருக்கத் தக்கைப் போர்வை போட்டார்கள்.

பாட்டில் தக்கை எங்கே போகிறது?

உலகத்தில் ஓர் ஆண்டில் 1,200 கோடிக்கு மேல் தக்கை மூடிகள் செய்கிறார்கள். பெரும்பாலும் திராட்சை மதுப் புட்டிகளுக்குத்தான். உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி நமக்குப் பேச்சு இல்லை. மூடியைப் பற்றித்தான் பேச்சு.

மூடி செய்யும்போதே மிச்சம் நிறைய விழுகிறது. பட்டையை ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் அடுக்கி வைத்து, வெந்நீரில் வேக வைத்துத் தட்டையாக்கி, துண்டு போட்டு, துளைக் கருவியால் குத்தி மூடி எடுக்கிறார்கள். முறுக்கு மாவைப் பிழிந்த மாதிரி முழுவதும் உதவிவிடாது. வட்டம் எடுத்த பிறகு சுற்றிலும் உள்ளது கழிவு. பட்டையில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விடும்.

ஆனால் தொழிற்சாலை அதைக் குப்பையில் கொட்டுவதில்லை. அரைத்துக் குருணையாக்கி, ஒட்டுப் பொருள் சேர்த்து அழுத்திப் பலகை செய்கிறது. தரைக்கும் சுவருக்கும் போகிறது. தூளைக் கூட விடுவதில்லை. கொதிகலனில் எரித்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய சூட்டை எடுத்துக் கொள்கிறார்கள். ஆட்டை அறுத்தால் கொம்பு வரை காசாக்குகிற மாதிரிதான்.

உபயோகித்துத் தூக்கிப் போட்ட மூடியையும் இதே போலச் செய்யலாமே என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது.

2008-ல் போர்ச்சுக்கலில் "கிரீன் கார்க்" என்ற இயக்கம் ஆரம்பித்தது. பெரிய கடைகளில் பெட்டி வைத்தார்கள். சேர்ந்த தக்கையை விற்ற பணத்தில் நாட்டு மரங்கள் நடுகிறார்கள். வட அமெரிக்காவில் "ரீகார்க்" என்ற இயக்கம். கானடா நாட்டின் செருப்புக் கம்பெனி ஒன்று அதை நடத்துகிறது. தக்கையை அரைத்துச் செருப்பின் அடிப்பாகத்தில் சேர்க்கிறது.

வேலை இப்படி நடக்கிறது: வந்து குவிந்த தக்கையில் முதலில் பிளாஸ்டிக் மூடிகளைப் பொறுக்கி எறிய வேண்டும். பார்ப்பதற்குத் தக்கை போலவே சாயம் போட்ட பிளாஸ்டிக் மூடிகள் உண்டு! தகர மூடி, கம்பி எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பிறகு அரைத்து, சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒட்டுப் பொருளோடு கலந்து, அச்சில் போட்டுச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்க வேண்டும். கட்டியைச் சீவினால் தகடு. தகட்டை வெட்டினால் செருப்பு, பாய், பலகை, எது வேண்டுமானாலும்.

ஒரு விஷயம்: பழைய தக்கையிலிருந்து மறுபடி பாட்டில் மூடி செய்வதில்லை. வாயில் வைக்கும் பொருளோடு சேருவது என்பதால், அதற்குப் புதுப் பட்டைதான்.

கணக்குப் பார்த்தால்?

"ரீகார்க்" இயக்கம் இதுவரை 10 கோடித் தக்கைகளுக்கு மேல் சேர்த்திருப்பதாகச் சொல்கிறது. கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஒரு தக்கையின் எடை சுமார் 4 கிராம். 10 கோடித் தக்கை என்றால் 400 டன். ஓர் ஆண்டில் உலகக் காடுகளில் உரிக்கும் பட்டையோ சுமார் 2 லட்சம் டன்! பல ஆண்டுகளாகச் சேர்த்தது, ஓர் ஆண்டுப் பட்டையில் 500-ல் ஒரு பங்கு.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சிறு துளிதான். ஆனால் "பழைய தக்கையைக் கொடுத்தால் ஒரு மரம் பிழைக்கும்" என்று சிலர் விளம்பரம் செய்வது சரி அல்ல. தக்கைக்காக மரத்தை யாரும் வெட்டுவதில்லையே! பழைய தக்கையைத் திருப்பிக் கொடுப்பதால் மரம் பிழைக்கிறது என்பது எப்படிப் பொருந்தும்?

இந்த மரத்துக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பட்டை வாங்க ஆள் இல்லாமல் போவதுதான் ஆபத்து.

1990-க்குப் பிறகு பிளாஸ்டிக் மூடியும் திருகு மூடியும் வேகமாகப் பரவின. அதற்குத் தக்கைத் தொழில் செய்த தவறும் ஒரு காரணம். சில தக்கைகளில் ஒரு வகை இரசாயனப் பொருள் உண்டாகி, புட்டியில் உள்ளதற்கு ஈர அட்டை நாற்றம் வந்துவிடும். வியாபாரிகள் புகார் சொல்லிப் பார்த்தார்கள். தொழிற்சாலைகள் முதலில் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 2000-ல் ஆஸ்திரேலியாவில் கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர்கள் ஒன்று சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டு நியூசிலாந்தும் அதே வழியில் போனது. இன்று நியூசிலாந்துப் புட்டிகளில் 100-க்கு 90-க்கு மேல் திருகு மூடிதான்.

2006-ல் உலக வனவுயிர் நிதியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தக்கை மூடிக்குக் கிராக்கி இப்படியே விழுந்தால், 10 ஆண்டுகளில் மேற்கு மத்தியதரைப் பகுதித் தக்கைக் காடுகளில் முக்கால் பங்கு வரை அழியக் கூடும் என்று எச்சரித்தது.

ஏன் அப்படி? பட்டைக்கு விலை இல்லாவிட்டால் விவசாயி காட்டைப் பார்த்துக் கொள்ள மாட்டான். புதரை வெட்ட மாட்டான். கன்று நட மாட்டான். புதர் மண்டினால் தீப்பிடிக்கும். கிடைக்கிற இடத்தில் சீக்கிரம் பணம் தரும் தைல மரம் வந்துவிடும். காகிதக் கூழுக்காக நடும் யூகலிப்டஸ், போர்ச்சுக்கலில் இன்று தக்கை மரத்தை விட அதிக நிலத்தில் நிற்கிறது. அது சீக்கிரம் தீப்பிடிக்கும் மரம். 2017 ஜூன் மாதம் பெத்ரோகாவ் கிராண்டே என்ற பகுதியில் பைன் மரமும் யூகலிப்டஸும் நிறைந்த காடு எரிந்து 66 பேர் இறந்ததை உலகமே பார்த்தது.

தக்கை மரமோ தீயைத் தாங்கும். தடித்த பட்டையே அதற்குக் கவசம். எரிந்து கறுத்த மரத்தின் உச்சியில் அடுத்த ஆண்டு பச்சைத் துளிர் வரும். பட்டை உரித்த புதிதில் மட்டும் அது பலவீனமாக இருக்கும்.

மரத்தடியில் ஆடு மேய்கிறது. பன்றி ஓக் கொட்டை தின்கிறது. ஐபீரியச் சிவிங்கிப் பூனை இந்த மாதிரிக் காட்டிலும் புதரிலும்தான் வாழ்கிறது. 2002-ல் அதில் வளர்ந்தவை நூற்றுக்கும் குறைவு என்ற நிலை இருந்தது. வளர்த்துக் காட்டில் விட்டுக் காப்பாற்றினார்கள். 2024-ல் அது அழியும் நிலையிலிருந்து ஒரு படி மேலே வந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அறிக்கை சொன்ன மாதிரி 10 ஆண்டில் காடு அழிந்து விடவில்லை. தொழிற்சாலைகள் விழித்துக் கொண்டன. ஒவ்வொரு தக்கையையும் மெஷினில் வைத்து நாற்றம் இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்தார்கள். வியாபாரம் திரும்பியது. இப்போது போர்ச்சுக்கல் ஆண்டுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் தக்கைச் சரக்கு ஏற்றுமதி செய்கிறது. அதில் ஏறக்குறைய 70 சதவிகிதப் பணம் பாட்டில் மூடியிலிருந்துதான் வருகிறது.

இந்த 70 சதவிகிதத்தைத்தான் கவனிக்க வேண்டும். விவசாயிக்குச் சோறு போடுவது புதிய மூடி. செருப்பும் பாயும் அல்ல. கடும் வறட்சியும் வேர் அழுகல் நோயும் சில ஆண்டுகளாக இந்த மரங்களை வாட்டுகின்றன. இந்த நிலையில் மூடி வியாபாரம் மறுபடி சரிந்தால், எத்தனை பெட்டி வைத்துப் பழைய தக்கை சேர்த்தாலும் காடு நிற்காது.

அப்படியானால் மறு உபயோகம் வீணா?

வீண் அல்ல. அதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பதிலாகத் தக்கை போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஓர் உதாரணம். ஐரோப்பாவில் கால்பந்து மைதானங்களில் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். புல்லுக்கு நடுவே பழைய டயரை அரைத்த கறுப்புக் குருணையைக் கொட்டுவார்கள். ஓடும் பையன்களின் பூட்ஸில் ஒட்டி வீட்டுக்கு வரும். மழையில் கரைந்தோடி ஆற்றுக்குப் போகும். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. 8 ஆண்டு தவணை. 2031-க்குப் பிறகு இந்தக் குருணையை அங்கே விற்க முடியாது. அதற்குப் பதிலாகப் போடக் கூடிய பொருள்களில் தக்கைக் குருணையும் ஒன்று. ஒரு மைதானத்துக்கே டன் கணக்கில் வேண்டும். பழைய தக்கைக்கு இதை விட நல்ல வேலை ஏது?

இதில் இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். லேசான பொருளைச் சேர்ப்பது பாரமான வேலை. ஒரு கிலோவுக்கு 250 தக்கை. அதை ஏற்றிக் கொண்டு லாரி நூறு மைல் போனால், எரித்த எண்ணெயில் லாபம் போய்விடும். சரக்கு இறக்கிவிட்டு எப்படியும் காலியாகத் திரும்புகிற லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். சில இயக்கங்கள் அப்படியே செய்கின்றன.

கடையில் கேட்க வேண்டியது

நம் ஊர்க் கடைகளிலும் இப்போது "இயற்கைத் தக்கை" என்று எழுதிய கைப்பை, யோகாப் பாய், செருப்பு எல்லாம் வருகின்றன. விலையும் கூடத்தான். வாங்குவது உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று கேளுங்கள்: "தக்கைக்கு அடியில் என்ன இருக்கிறது?"

தக்கைப் பை என்பது பெரும்பாலும் காகிதம் போலச் சீவிய தக்கையைத் துணியின் மேல் ஒட்டியது. அடியில் இருப்பது பருத்தியா, பாலியெஸ்டரா என்று பாருங்கள். யோகாப் பாயில் மேலே தக்கை மெல்லியதாக இருக்கும். அடியில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கும். குருணையை ஒட்டிச் செய்த பலகையில் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பசை சேர்ந்திருக்கும். அது கேடு என்று அர்த்தம் அல்ல. ஆனால் மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பசையே இல்லாத தக்கைப் பலகையும் உண்டு. கரும்பழுப்பு நிறமாக இருக்கும். மரக்கிளைகளின் பட்டையைக் குருணையாக்கி, அச்சில் போட்டு, கடும் சூடான நீராவியை விட்டால், தக்கை உப்பித் தன் பசையாலேயே ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். ஐரோப்பாவில் வீட்டுச் சுவரில் குளிர் ஏறாமல் இருக்க இதைப் பதிக்கிறார்கள்.

கையில் ஏற்கெனவே பழைய தக்கை நாலைந்து இருந்தால் அதற்காக எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. வட்டமாக நறுக்கி, நாற்காலிக் காலின் அடியில் ஒட்டி விடுங்கள். தரையில் கீறல் விழாது. இழுக்கும்போது சத்தமும் வராது.